நப்பின்னைன்னு பேர் வைக்கலாமா? கரூர் வாசகிக்கு என் பதில்

கரூர்ப் பக்கம் இருந்து ஒரு வாசகி எழுதியிருக்காங்க. அவங்க கேட்டது இதுதான்:

"மேடம், எங்களுக்குப் பொண்ணு பொறந்து 40 நாள் ஆகுது. அனுஷம் நட்சத்திரம், ந-வுல ஆரம்பிக்கிற பேரா பாருங்கன்னு ஜோசியர் சொன்னார். எங்கப்பா வீட்டுப் பழைய பத்திரத்துல எங்க கொள்ளுப்பாட்டி பேர் நப்பின்னையம்மாள்னு எழுதியிருக்கு. ஊர்ல எல்லாரும் அவங்களை நாப்பினாத்தான்னுதான் கூப்பிடுவாங்களாம், நிஜப்பேர் இதுன்னு எங்கப்பாவுக்கே பத்திரத்தைப் பாத்துதான் தெரிஞ்சுது. எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் அந்தப் பேர் ரொம்பப் புடிச்சுப்போச்சு. ஆனா மாமியார், பின்னைன்னா ரெண்டாந்தாரமா வந்தவன்னு அர்த்தம், வேண்டாம்ங்கிறாங்க. நாத்தனார், ஸ்கூல்ல நாப்கின்னு கிண்டல் பண்ணுவாங்கங்கிறா. எங்கண்ணன், அது ஐயங்கார் வீட்டுப் பேராச்சேங்கிறான். இந்தப் பேர் எங்கருந்து வந்துச்சு, என்ன அர்த்தம், இப்ப யாராச்சும் வைக்கிறாங்களா? நாங்க வைக்கலாமா?"

வணக்கம்மா. பாப்பாவுக்கு என் ஆசீர்வாதம். உங்க லெட்டரைப் படிச்சப்போ எனக்கு உண்மையிலேயே கண்ணு கலங்கிருச்சு, ஏன்னா நான் 31 வருஷம் காலேஜ்ல தமிழ் சொல்லிக்கொடுத்திருக்கேன், அட்டென்டன்ஸ் ரிஜிஸ்டர்ல எத்தனையோ ஆயிரம் பேர் வாசிச்சிருப்பேன், அதுல நப்பின்னைங்கிற பேர் ஒரே ஒரு தடவைதான் வந்துச்சு, அந்தப் பொண்ணும் ரெண்டாவது வருஷமே கல்யாணமாகிப் போயிருச்சு. அப்படி ஒரு பேர் உங்க குடும்பத்துப் பத்திரத்துல, விவசாயம் பாத்த ஒரு ஆத்தாவுக்கு இருந்திருக்குன்னா அது சின்ன விஷயம் இல்லம்மா.

முதல்ல பேரைப் பிரிச்சுப் பாப்போம். ந + பின்னை. அவ்வளவுதான். முன்னாடி இருக்கிற அந்த ந-வுக்கு நல்ல, சிறந்த அப்படிங்கிற அர்த்தம். பழைய தமிழ்ல மரியாதையா ஒருத்தரைச் சொல்லணும்னா பேருக்கு முன்னாடி இந்த ந-வைச் சேத்துக்குவாங்க. கீரன் நக்கீரன் ஆனது இப்படித்தான். கண்ணை நக்கண்ணை, செள்ளை நச்செள்ளை, பசலை நப்பசலை, இந்த மூணு பேரும் சங்ககாலத்துப் பெண்பாற் புலவர்கள். முல்லைப்பாட்டு எழுதினவர் பேர் நப்பூதனார், ந + பூதன். அதே கணக்குலதான் நப்பின்னை. அதனால இது புதுசா யாரோ உக்காந்து கட்டின பேர் இல்ல, நக்கீரர் பேர் எந்த அச்சுல வார்த்ததோ அதே அச்சுல வார்த்தது. உங்கண்ணன்கிட்ட முதல்ல இதைச் சொல்லுங்க.

இப்ப பின்னைக்கு வருவோம், உங்க மாமியாரோட பயம் இங்கதான இருக்கு. பின்னைங்கிற சொல்லுக்கு அப்புறம், பிறகுன்னு ஒரு அர்த்தம் உண்டு, அதை இல்லைன்னு சொல்லமுடியாது. பின்னாடி பொறந்தவ, அதாவது தங்கச்சின்னும் அர்த்தம் உண்டு. லட்சுமியையே பின்னைன்னு நிகண்டு, அகராதியில எல்லாம் சொல்லியிருக்காங்க, மூத்தவ மூதேவி, அவளுக்குப் பின்னாடி வந்தவ ஸ்ரீதேவிங்கிற கணக்குல. ஆனா ரெண்டாந்தாரம்ங்கிற அர்த்தத்துல இந்தப் பேரை யாரும் ஆண்டதா நான் எங்கயுமே பாத்ததில்லம்மா. நப்பின்னைங்கிறவ கண்ணனோட பொண்டாட்டி, சொல்லப்போனா ஆண்டாள் திருப்பாவையில இவளைக் கூப்பிடுற விதத்தைப் பாருங்க, "நந்தகோபாலன் மருமகளே நப்பின்னாய்". மருமகளேன்னு கூப்பிடுறா. அந்த வீட்டுக்கு வந்த மகாராணி அவதான். அதே பாட்டுல "உன் மைத்துனன் பேர் பாட"ன்னு வருது. மைத்துனன்னா மொறைப்பையன். உரையாசிரியர்கள், யசோதைக்கு அண்ணன் தம்பி மொறை வர்ற கும்பனோட பொண்ணுதான் நப்பின்னைன்னு சொல்றாங்க, அப்ப கண்ணனுக்கு இவ மாமன் மக. சொந்தத்துல மாமன் பொண்ணு, மொறையா கட்டிக்கிட்ட பொண்டாட்டி, மாமனார் வீட்டுச் சாவி யார் கையில இருக்கோ அவ. உங்க மாமியார்கிட்ட இந்த மருமகள்ங்கிற வார்த்தையை மட்டும் சொல்லிப்பாருங்க.

இன்னொரு அர்த்தமும் இருக்கு, என் மனசு எப்பவும் அந்தப் பக்கம்தான் சாயும். பின்னுதல், பின்னல். தலைமுடி. ஆண்டாள் 18, 19, 20 மூணு பாட்டுலயும் வரிசையா நப்பின்னை பேரைச் சொல்றா, 18-ல "கந்தம் கமழும் குழலீ"ன்னு கூப்பிடுறா, 19-ல "கொத்தலர் பூங்குழல் நப்பின்னை"ன்னு சொல்றா, ரெண்டுலயும் அவ பேரு பக்கத்துலயே கூந்தல் வந்து நிக்குது. உபகேசின்னு வடமொழி சாயல்ல இவளுக்கே இன்னொரு பேர் தமிழ்ப்பாட்டுல வருது, கேசம்னா முடிதான. இத்தனையும் தற்செயலா இருக்கும்னு எனக்குத் தோணல. நல்ல பின்னல்காரி, அழகான கூந்தல்காரி, அதுதான் நப்பின்னைன்னு நான் கிளாஸ்ல சொல்லிக்கொடுப்பேன். தங்கச்சிங்கிற அர்த்தமும் தப்பில்ல, ரெண்டுல எதை எடுத்தாலும் பாப்பாவுக்குப் பொருந்தும்.

சரி, பேர் எங்கருந்து வந்துச்சு? ஆண்டாள்கிட்ட இருந்துன்னுதான் நிறைய பேர் நினைச்சுக்கிட்டு இருக்காங்க, உங்கண்ணன் ஐயங்கார் வீட்டுப் பேருன்னு சொல்றதும் அதனாலதான். ஆனா ஆண்டாளுக்கு முன்னாடியே இளங்கோவடிகள் எழுதிட்டார். சிலப்பதிகாரத்துல ஆய்ச்சியர் குரவைன்னு ஒரு பகுதி இருக்கு, மதுரையில மாதரின்னு ஒரு ஆய்ச்சி வீடு, கண்ணகி அங்கதான் தங்கியிருக்கா, கோவலன் சிலம்பு விக்கப் போயிட்டான். அந்த நேரத்துல ஆயர்சேரியில எல்லாமே தப்புத்தப்பா நடக்குது. உறை ஊத்தின பால் உறையமாட்டேங்குது, உறியில இருக்கிற வெண்ணெய் உருகமாட்டேங்குது, காளை கண்ணுல தண்ணி நிக்குது, மாட்டுக் கழுத்து மணி அறுந்து விழுது. என்னமோ ஆகப்போகுதுன்னு மாதரிக்குப் பயம் வந்துருது. உடனே, கண்ணனும் அவன் அண்ணனும் பின்னையோட ஆடின குரவைக்கூத்தை நாம ஆடுவோம், பசுவுக்கும் கன்னுக்கும் வந்த துன்பம் தீரட்டும்னு சொல்றா. தொழுவத்துல ஆளுக்கு ஒரு காளை வளத்த ஏழு பொண்ணுங்க வட்டமா நிக்கிறாங்க, குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம்னு ஏழு சுரத்தோட பேரையும் அவங்களுக்கு வைக்கிறா மாதரி. குரலா நிக்கிறவ மாயவன், இளியா நிக்கிறவ வெள்ளை நிறத்துப் பலதேவன், துத்தமா நிக்கிறவ பின்னை. கண்ணகி பாத்துக்கிட்டு நிக்க ஆட்டம் நடக்குது. இந்தப் பகுதியை நடத்துறப்போ எல்லாம் எனக்குத் தொண்டை அடைச்சுக்கும், ஏன்னா அந்தப் பக்கம் கோவலனுக்கு என்ன நடக்குதுன்னு நமக்குத் தெரியும், அவங்களுக்குத் தெரியாது, பாவம் அவங்க மாட்டுக்கு வந்த கஷ்டம்னு நினைச்சு ஆடிக்கிட்டு இருக்காங்க.

அங்க ஒரு இடத்துல இந்தப் பேரை பிஞ்ஞைன்னு எழுதியிருக்கார் இளங்கோ. பின்னைதான் பிஞ்ஞை, முன்னைக்கீரையைச் சங்கப்பாட்டுல முஞ்ஞைன்னு சொல்ற மாதிரி. மணிமேகலையிலயும் பிஞ்ஞைன்னே வருது, சோலையில பறவைங்க ஆடுறதைப் பாத்துட்டுச் சோழ ராஜா, இது கண்ணனும் அவன் அண்ணனும் பிஞ்ஞையும் ஆடின குரவை மாதிரி இருக்கேன்னு நினைக்கிறான். மணிமேகலை பௌத்த காப்பியம். அப்புறம் சீவக சிந்தாமணி, அது சமண காப்பியம், திருத்தக்கதேவர் எழுதினது. அதுல நந்தகோன்னு ஒரு ஆயர் தலைவன், தன் பொண்ணு கோவிந்தையைக் கட்டிக்கோன்னு சீவகன்கிட்ட கேக்குறான், சீவகன் ராஜா வீட்டுப் புள்ள, இவன் மாடு மேய்க்கிறவன், அதனால எப்படி ஆரம்பிக்கிறான் தெரியுமா, "குலம் நினையல் நம்பி". குலத்தைப் பத்தி யோசிக்காதப்பான்னு. வள்ளியை முருகன் கட்டிக்கலையா, நப்பின்னையைத் திருமால் கட்டிக்கலையான்னு அடுத்து கேக்குறான். யோசிச்சுப்பாருங்க, இது இன்ன சாதியோட பேருன்னு உங்கண்ணன் சொல்ற அதே பேரைத்தான், குலம் பாக்காதேன்னு சொல்றதுக்கு எடுத்துக்காட்டா ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தர் எழுதி வச்சிருக்கார். சமணர் ஒருத்தர், பௌத்தர் ஒருத்தர், ஆழ்வார்கள், எல்லாரும் பாடின ஒரு இடைச்சிப் பொண்ணோட பேர் இது. எல்லாருக்கும் பொது.

உங்க ஊரை நினைச்சா இன்னொன்னும் சொல்லத் தோணுது. நப்பின்னையைக் கட்டிக்கிறதுக்காகக் கண்ணன் ஏழு காளையை அடக்கினான்னு ஆழ்வார்கள் திரும்பத் திரும்பப் பாடுறாங்க. பாகவதத்துலயும் ஏழு காளை கதை வருது, ஆனா அங்க பொண்ணு கோசல ராஜா மக, பேரு சத்யா, அரண்மனைப் பொண்ணு. நம்ம பாட்டுல இவ ஆயர் வீட்டுப் பொண்ணு, காளையை அடக்குறவனுக்குத்தான் பொண்ணுங்கிறது முல்லைநில வழக்கம். கொல்லேற்றுக் கொம்பைப் பாத்துப் பயப்படுறவனை அடுத்த ஜென்மத்துல கூட ஆயமகள் கட்டிப்பிடிக்கமாட்டான்னு கலித்தொகையில இருக்கே, அந்த உலகத்துப் பொண்ணு. காங்கேயம் காளை வளக்குற உங்க பக்கத்து மண்ணுல ஒரு ஆத்தாவுக்கு இந்தப் பேர் இருந்திருக்குன்னா அது எவ்வளவு பொருத்தம். அந்தக் காலத்துல பேர் வச்சவங்க தெரிஞ்சுதான் வச்சிருப்பாங்கன்னு நான் நம்புறேன்.

அப்ப ஏன் பேர் அரிதாப் போச்சுன்னு கேப்பீங்க. நம்ம நாட்டுல எந்தப் பேரை எத்தனை குழந்தைக்கு வச்சாங்கன்னு வருஷாவருஷம் பட்டியல் போடுற வழக்கம் இல்லை, அதனால நம்பரா சொல்ல முடியாது. ஆனா காரணம் சொல்லலாம், எனக்குத் தெரிஞ்சு மூணு நாலு விஷயம் ஒண்ணா சேந்து நடந்துச்சு. வைணவத்துல இவளை நீளாதேவியோட அம்சம்னு சொல்லி ஸ்ரீதேவி, பூதேவி, நீளாதேவின்னு வரிசைப்படுத்தினாங்க, திருப்பாவைக்குப் பராசர பட்டர் எழுதின தனியனே, அதாவது முன்னாடி சொல்ற வாழ்த்துப் பாட்டே, நீளான்னுதான் ஆரம்பிக்குது, மார்கழியில அதைச் சொல்லிட்டுத்தான் திருப்பாவையே தொடங்குவாங்க. அதனால பின்னை பின்னாடி போய் நீளா முன்னாடி வந்துருச்சு. அப்புறம் ராதை. ஜெயதேவர் 12-ஆம் நூற்றாண்டுல கீத கோவிந்தம் பாடினார், அந்த அஷ்டபதியெல்லாம் பின்னாடி தஞ்சாவூர்ப் பக்கம் பஜனை மடங்கள்ல வந்து, ராதா கல்யாணம்னு உற்சவமே நடக்க ஆரம்பிச்சு, கண்ணன் கூட யாருன்னா ராதைன்னு ஆகிப்போச்சு. வீட்டுக்கு வீடு ராதா வந்தா, நம்ம வீட்டுப் பொண்ணு நப்பின்னையை மறந்துட்டோம். எனக்கு ராதை மேல கோவம் இல்லம்மா, அவளும் அருமையான பொண்ணுதான். ஆனா சொந்த மாமன் மகளை மறந்தது வலிக்குது.

அப்புறம் 1916-ல இருந்து மறைமலையடிகளோட தனித்தமிழ் இயக்கம் வந்துச்சு, வேதாசலம்ங்கிற தன் பேரையே தமிழாக்கிக்கிட்டவர் அவர், அதுக்கப்புறம் தமிழ்ப்பேர் வைக்கிற ஆசை நல்லா வளந்துச்சு. ஆனா அப்பவும் இந்தப் பேருக்கு வாய்ப்பு வரல. சாமிப்பேர் வேணும்ங்கிறவங்க லட்சுமி, ராதான்னு வடமொழிப் பக்கம் போயிட்டாங்க, தமிழ்ப்பேர் வேணும்ங்கிறவங்க இது கோயில் பேராச்சேன்னு கயல்விழி, மலர்விழி, தமிழ்ச்செல்வின்னு போயிட்டாங்க, ரெண்டு பக்கமும் இவளை எடுத்துக்கல. இப்ப கொஞ்ச வருஷமா சங்கப்பேர் தேடுற அப்பா அம்மாக்கள் நிறைய ஆகியிருக்காங்க, எனக்கே மாசம் ரெண்டு மூணு லெட்டர் வருது, ஆனா யாழினி, நிலா, இதழினி, ஆதினின்னு காதுக்கு மெல்லிசா இருக்கிற பேரைத்தான் கேக்குறாங்க. நப்பின்னைன்னு கேட்டது நீங்கதான்.

நாத்தனார் சொன்னதை நான் லேசா எடுத்துக்கலம்மா. ஸ்கூல்ல கிண்டல் பண்ணுவாங்க, நிஜம்தான், அதுவும் இங்கிலீஷ் மீடியத்துல எழுத்தைப் பாத்து வாசிக்கிற டீச்சர் முதல் நாளே தப்பா வாசிச்சா அது அப்படியே ஒட்டிக்கும். அதுக்கு ரெண்டு விஷயம் சொல்றேன். ஒண்ணு, வீட்டுல இப்ப இருந்தே பின்னைன்னு கூப்பிடுங்க, இல்ல பின்னின்னு செல்லமா கூப்பிடுங்க, ஸ்கூல்ல சேக்குறப்போ பிள்ளையே என்னை பின்னின்னு கூப்பிடுங்கன்னு சொல்லும், குழந்தைங்க அப்படித்தான் கூப்பிடுவாங்க. ரெண்டு, பாப்பாவுக்கு நாலு வயசு ஆகும்போதே ஏழு காளைக் கதையைச் சொல்லிக்கொடுத்துருங்க. என் கிளாஸ்ல இருந்த அந்தப் பொண்ணுகிட்ட ஒரு நாள் கேட்டேன், உன் பேரை வச்சுக் கிண்டல் பண்ணுவாங்களான்னு. சின்ன வயசுல பண்ணினாங்க மேடம், எங்க தாத்தா என் பேர்ல மூணு பாட்டு இருக்குன்னு சொல்லிக்கொடுத்தாரு, நான் அதைப் பாடிக் காட்டுவேன், அப்புறம் யாரும் பண்ணலன்னு சொல்லுச்சு. மார்கழியில நம்ம ஊர்ல ஒரு பெருமாள் கோயில் விடாம காலையில 18, 19, 20-ஆம் நாள் மூணு நாளும் அவ பேரைப் பாடுவாங்க. அந்த மூணு நாள் பாப்பாவைக் கோயிலுக்குத் தூக்கிட்டுப் போங்க.

அந்த 18-ஆம் பாட்டைப் பத்தி வைணவ மரபுல ஒரு கதை சொல்வாங்க. ராமானுஜர் எப்பவும் திருப்பாவையைச் சொல்லிக்கிட்டேதான் பிச்சைக்குப் போவார், அதனால அவருக்குத் திருப்பாவை ஜீயர்னே பேர். ஒரு நாள் அவரோட ஆசாரியர் வீட்டு வாசல்ல நின்னு, "செந்தாமரைக் கையால் சீரார் வளையொலிப்ப வந்து திறவாய்"ன்னு சொல்லி முடிக்கவும், அந்த வீட்டுச் சின்னப் பொண்ணு கைவளையல் குலுங்கக் கதவைத் திறந்துக்கிட்டு வந்து நிக்கவும் சரியா இருந்துச்சாம். நப்பின்னையே வந்துட்டான்னு நினைச்சு அப்படியே மயங்கி விழுந்துட்டாராம். அந்தப் பாட்டுல அவ கையில பந்து வேற இருக்கும், "பந்தார் விரலி"ன்னு ஆண்டாள் சொல்றா, கட்டில்ல தூங்கும்போதும் பந்தை விடாத பொண்ணு. உங்க வீட்டுல இன்னும் ஒண்ணு ரெண்டு வருஷத்துல நீங்களே இதைப் பாக்கப்போறீங்க.

இனி எழுதுற விஷயம், இதுல கொஞ்சம் கவனமா இருங்க. தமிழ்ல நடுவுல ப் வரணும், கடைசியில றன்னகரம், ன்னை. ண்ணைன்னு போட்டா தப்பு. இங்கிலீஷ்ல என், ஏ, அப்புறம் ரெண்டு பி, ஐ, ரெண்டு என், ஏ, ஐ. ரெட்டை எழுத்துல ஒண்ணை விட்டுட்டா வாசிக்கிறவங்க நாபினைன்னு வாசிச்சுருவாங்க, உங்க கொள்ளுப்பாட்டி நாப்பினாத்தா ஆன மாதிரி. பொறந்த 21 நாளைக்குள்ள பிறப்பைப் பதிஞ்சிருப்பீங்க, பேர் இல்லாமலே பதிஞ்சிருந்தாலும் கவலைப்படாதீங்க, 12 மாசத்துக்குள்ள கட்டணம் இல்லாம பேரைச் சேத்துக்கலாம், அதுக்கு மேல 15 வருஷம் வரைக்கும் தாமதக் கட்டணம் கட்டிச் சேக்கலாம். சர்டிபிகேட் கையில வாங்கினதும் தமிழ், இங்கிலீஷ் ரெண்டு எழுத்தையும் அங்கயே நின்னு எழுத்துக்கூட்டி வாசிச்சுப் பாருங்க, ஆதார், பாஸ்போர்ட் எல்லாம் இதைப் பாத்துத்தான் போடுவாங்க. அரிதான பேர்னா டைப் பண்றவங்க தெரிஞ்ச பேரா மாத்திருவாங்க, என் மாணவிகள் நாலஞ்சு பேர் சர்டிபிகேட்டைத் திருத்த அலைஞ்சதை நான் பாத்திருக்கேன்.

நியூமராலஜிக்காக எழுத்தைக் கூட்டச் சொல்லி யாராச்சும் வந்தா கேக்காதீங்க, அந்தப் பேர்ல ஒரு எழுத்தைத் தொட்டாலும் அர்த்தம் போயிரும். அனுஷத்துக்கு ந வருது, அதுவும் ஏற்கெனவே பொருந்தியிருக்கு.

வைக்கலாமான்னு கேட்டீங்க. தாராளமா வைங்கம்மா. ஒரே ஒரு வேண்டுகோள், அந்தப் பழைய பத்திரத்தை நல்லா வெளிச்சத்துல வச்சு ஒரு போட்டோ எடுத்துக்கோங்க, நப்பின்னையம்மாள்ங்கிற வரி தெளிவாத் தெரியணும், அதை லேமினேட் பண்ணி பாப்பாவோட பர்த் சர்டிபிகேட் கூடவே வைங்க. மாமியார் சம்மதிச்சுட்டா பேர் வைக்கிற அன்னைக்கு அவங்களையே பாப்பா காதுல முதல்ல சொல்லச் சொல்லுங்க, மூணு தடவை, ப்-பை நல்லா அழுத்தி.